கொலம்பஸுக்காக அந்தத் தேவாலயத்துக்குப் போகாதீர்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற கால்வே நகரத்துக்குச் சனிக்கிழமை போகிறவர்கள் புனித நிக்கோலஸ் தேவாலயத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கூட்டம் போகிற பக்கமே போனால் போதும். ஷாப் தெரு என்கிற கடைவீதியிலிருந்து ஒரு சின்னச் சந்தில் திரும்பினால் சந்தை வந்துவிடும். பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த டோனட் எல்லாம் கிடைக்கும். அந்தக் கடைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லில், மேற்கே மூன்று முக்கோண முகப்புகளோடு, கோபுரத்தின் மேல் பிரமிடு மாதிரி ஒரு கூம்போடு நிற்பதுதான் அந்தத் தேவாலயம். கட்டியது 1320 வாக்கில். கூம்பு மட்டும் 1683-ல் வந்தது. இடைக்காலத்தில் கட்டப்பட்டு இன்றுவரை வழிபாடு நடந்து வருகிற அயர்லாந்துப் பங்குத் தேவாலயங்களில் இதுதான் பெரியது என்பார்கள்.

உள்ளே நுழைகிற சுற்றுலாப் பயணி வழக்கமாக என்ன செய்கிறார்? கையிலுள்ள வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டுகிறார். "1477-ல் கொலம்பஸ் இங்கே பிரார்த்தனை செய்ததாகச் சொல்லப்படுகிறது" என்ற வரி கண்ணில் படுகிறது. கூரையைப் பார்த்து ஒரு படம், பலிபீடத்தைப் பார்த்து ஒரு படம். வெளியே வந்து, மேயர் ஒருவர் பெற்ற மகனையே தூக்கில் போட்டாராம் என்று சொல்லப்படும் சுவரின் முன்னால் இன்னொரு படம். மொத்தம் பத்து நிமிடம். பிறகு டோனட்.

டோனட்டைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இரண்டு கதைகளைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டுமே பலவீனமான கதைகள். அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற உண்மையான கதையை மறைத்துக்கொண்டு நிற்கிற கதைகளும் அவையே.

முதலில் கொலம்பஸ். அவர் வைத்திருந்த புத்தகம் ஒன்றின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டாம் பயஸ் என்ற போப் உலக நாடுகளைப் பற்றி எழுதிய புத்தகம் அது. அயர்லாந்தின் கால்வேயில், மரக்கட்டைகளில் ஒதுங்கிவந்த விசித்திரத் தோற்றமுள்ள ஓர் ஆணையும் பெண்ணையும் பார்த்ததாக அந்தக் குறிப்பு சொல்கிறது. அவர்கள் கத்தாய், அதாவது சீனப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். ஆகவே கொலம்பஸ் கால்வேக்கு வந்திருக்கலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு, அதுவும் சுவாரசியமான ஆதாரம். ஆனால் அந்தக் குறிப்பில் ஆண்டு கிடையாது. 1477 என்பது, அவர் அந்த வருடம் வடக்குக் கடலில் பயணம் செய்ததாக அவருடைய மகன் எழுதிய வரலாற்றிலிருந்து எடுத்து ஒட்டியது. தேவாலயத்தைப் பற்றியோ குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. நிக்கோலஸ் கடலோடிகளின் பாதுகாவலர், கொலம்பஸ் கடலோடி, எனவே கரையிறங்கியதும் அங்கே போய் மண்டியிட்டிருப்பார் என்பது ஊகம். நியாயமான ஊகம்தான். ஆனால் அன்றைக்கு அந்தத் துறைமுகத்தில் இறங்கிய ஸ்பானிய, போர்த்துகீசிய மாலுமிகள் எல்லோருக்கும் அதே ஊகம் பொருந்துமே! 1992-ல் கொலம்பஸின் சொந்த ஊரான ஜெனோவா கால்வேக்கு ஒரு நினைவுச் சின்னத்தையே அன்பளிப்பாகக் கொடுத்தது. துறைமுகத்துப் பக்கம் நிற்கிறது. அவரைப் பார்க்க அங்கே போகலாம்.

அடுத்தது மேயர் கதை. 1493-ல் மேயராக இருந்தவர் ஜேம்ஸ் லிஞ்ச் ஃபிட்ஸ்டீபன். அவருடைய மகன் வால்டர், பொறாமையில், வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஸ்பானிய வாலிபனைக் கொன்றுவிட்டான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்ற அப்பா மகனுக்குத் தூக்கு விதித்தார். தூக்குப் போட யாரும் முன்வராததால், தன் வீட்டு ஜன்னலிலிருந்து தானே தூக்கிலிட்டார். நம்மூர்ச் சினிமாவில் இடைவேளைக்கு முன்னால் வைக்கத் தோதான காட்சி. :-)

அப்படியொரு மேயர் இருந்தது உண்மை. தூக்குத் தண்டனைக்குத்தான் அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இல்லை. 1820-ல் ஜேம்ஸ் ஹார்டிமன் எழுதிய கால்வே வரலாறுதான் கதையை நாடறியச் செய்தது. தேவாலயத்தை ஒட்டிய மார்க்கெட் தெருச் சுவரில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் செதுக்கிய கல் இருக்கிறதே, அதில் பொறித்திருக்கும் ஆண்டு 1624. கதை நடந்ததாகச் சொல்வதற்கு 131 வருடம் பிந்தியது! சாவு நிச்சயம் என்று நினைவூட்ட அந்தக் காலத்தில் கல்லறைகளில் மண்டையோடு செதுக்குவது சாதாரண வழக்கம். அந்தச் சுவரையும் பழைய கற்களைச் சேர்த்து இப்போதைய உருவத்தில் அமைத்தது 1854-ல்தான். 'லிஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல் இந்த மேயரிடமிருந்து வந்தது என்பதும் சரியில்லை. அது 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், வர்ஜீனியாப் பக்கம் பிறந்த சொல் என்பதுதான் ஆய்வாளர்கள் ஏற்கிற கருத்து.

சரி, இந்த இரண்டையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

மிச்சம் இருப்பது ஒரு கேள்வி: இந்தக் கோயில் யாருடையது? எழுநூறு வருடமாக அதற்கு விடை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை விடை மாறும்போதும் யாரோ சிலர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

கட்டியவர்களிடமிருந்தே தொடங்கலாம். கால்வே ஒரு வணிக நகரம். ஸ்பெயினிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஒயின் வரும், இங்கிருந்து தோலும் கம்பளியும் போகும். ஊரைக் கையில் வைத்திருந்தவை பதினான்கு குடும்பங்கள். லிஞ்ச், பிளேக், ஜாய்ஸ், ஃபிரெஞ்ச், மார்ட்டின் என்று நீளும் பட்டியல் அது. 'கால்வேயின் பழங்குடிகள்' என்று பின்னாளில் பெயர் வந்தாலும், இவர்களில் பெரும்பாலோர் நார்மன், ஆங்கிலேய வழிவந்தவர்கள். மதிலுக்கு வெளியே இருந்த கேலிக் அயர்லாந்துக்காரர்களை இவர்களுக்குப் பிடிக்காது. தேவாலயத்துக்குள் இருக்கிற பழமையான கல்லறைக் கல் ஒன்றைப் பார்த்தாலே இது தெரியும். 'சிலுவைப்போர் வீரனின் கல்லறை' என்று வழக்கில் சொல்கிறார்கள். ஆடம் பூர் என்பவருடைய ஆன்மாவுக்கு இறைவனின் கருணையை வேண்டும் வரிகள் அதில் இருக்கின்றன. அயர்லாந்து மண்ணில் கிடக்கிற அந்தக் கல்லில் ஐரிஷ் மொழி இல்லை, ஆங்கிலம்கூட இல்லை. நார்மன் பிரெஞ்சு.

1484-ல் இவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் தேவாலயத்தைச் சுற்றுவட்டார மறைமாவட்ட ஆட்சியிலிருந்து பிரித்து, ஒரு வார்டனும் எட்டு விகார்களும் கொண்ட தனி அமைப்பாக்கிக் கொண்டார்கள். போப் எட்டாம் இன்னசென்ட் ஒப்புதல் கொடுத்தார். காரணம் ஒளிவுமறைவானதல்ல. ஊரைச் சுற்றியிருப்பவர்கள் நாகரிகமற்றவர்கள், எங்கள் ஆட்கள் எங்கள் முறைப்படி வழிபாடு நடத்தட்டும் என்பதே. அந்த 'எங்கள் முறை' ஆங்கிலேய முறை. 1518-ல் நகரசபை இன்னும் ஒரு படி மேலே போனது. 'ஓ' என்றும் 'மக்' என்றும் பெயர் தொடங்குகிறவர்கள், அதாவது கேலிக் குடிகள், நகர வீதிகளில் மிடுக்காக உலவக்கூடாது என்று விதி போட்டது. இரு தரப்பும் கத்தோலிக்கர்களாக இருந்த காலத்திலேயே இப்படி. மதம் ஒன்றாகிவிட்டால் மனிதர்கள் ஒன்றாகிவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

அதே குடும்பங்கள்தான் அந்தக் கட்டடத்தை அழகுபடுத்தின என்பதையும் சொல்லியாக வேண்டும். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் லிஞ்ச் குடும்பம் தெற்குப் பக்கத்தை விரித்தது, ஃபிரெஞ்ச் குடும்பம் வடக்குப் பக்கத்தை விரித்தது. பக்கக்கூடங்கள் அகன்று அகன்று, நடுக்கூடம் இரண்டு பணக்கார அண்டை வீட்டுக்காரர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட வீடு மாதிரி ஆகிவிட்டது. மேற்கே மூன்று முக்கோண முகப்பு வந்த கதை இதுதான். பக்தியும் போட்டியும் சேர்ந்து கட்டிய சுவர்கள்!

பிறகு சக்கரம் சுழன்றது. இங்கிலாந்து மன்னர்கள் போப்போடு முறித்துக்கொண்டார்கள். 1551-ல் ஆறாம் எட்வர்டின் சாசனம் அந்த அமைப்பைப் புதிய மதத்தின் கீழ் கொண்டுவந்தது. கட்டிய குடும்பங்களில் பலரும் கத்தோலிக்கர்களாகவே இருந்தார்கள், கட்டடம் மட்டும் கைமாறியது. 1640களின் போரில், 1643-ல், கத்தோலிக்கர்கள் அதைத் திரும்பப் பிடித்தார்கள். அந்த மீட்பு ஒன்பது வருடம் நீடித்தது. 1651 ஆகஸ்டில் நாடாளுமன்றப் படை ஊரை வளைத்தது. ஒன்பது மாத முற்றுகைக்குப் பிறகு, பசியும் கொள்ளைநோயுமாக, 1652-ல் கால்வே பணிந்தது. அயர்லாந்தில் கடைசியாக விழுந்த நகரம் அதுதான். சில ஆண்டுகளில் கத்தோலிக்கர்களை ஊரைவிட்டே வெளியேறச் சொன்னார்கள். ஒரு காலத்தில் 'ஓ'வையும் 'மக்'கையும் வீதியில் நடக்கவிடாத பதினான்கு குடும்பங்கள் இப்போது தாங்களே மதிலுக்கு வெளியே.

அந்தச் சமயத்தில்தான் தேவாலயத்துச் சிற்பங்களின் முகங்கள் உடைந்தன என்று ஊர் சொல்கிறது. குதிரைகளைக் கட்டினார்கள் என்றும் சொல்கிறது. "குரோம்வெல் உடைத்தார்" என்று கேட்கிற யாரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. குரோம்வெல் 1650 மே மாதமே அயர்லாந்தைவிட்டுப் போய்விட்டார். கால்வேக்கு அவர் வந்ததே கிடையாது. முற்றுகையிட்டது சார்லஸ் கூட் தலைமையிலான படை. ஒரு பெரிய பெயரின் மேல் எல்லாவற்றையும் சுமத்திவிட்டால், சுத்தியலைப் பிடித்த சாதாரணக் கைகளைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை அல்லவா?

பயணி நின்று பார்க்க வேண்டிய இடம் அந்த முகங்கள்தான். தெற்குப் பக்கம், லிஞ்ச் குடும்பத்துக் கல்லறை இருக்கும் பகுதி. தீச்சுடர் நெளிவது போலக் கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். அத்தனை நுணுக்கம். அங்கங்கே இருக்கிற தேவதூதர்களுக்கு மடிப்பு மடிப்பாக அங்கி இருக்கிறது, சிறகு இருக்கிறது, முகம் இல்லை. உடைத்தவர்கள் முழுச் சிலையையும் பெயர்த்தெறிந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, முகத்தை மட்டும் எடுத்தார்கள். முகம் இல்லாவிட்டால் யாரும் அதைப் பார்த்துக் கும்பிட மாட்டார்கள் என்பது கணக்கு. சிலை வழிபாடு பாவம் என்று மனதார நம்பியவர்களின் வேலை அது. வெறும் போக்கிரித்தனம் என்று தள்ளிவிட்டால் அவர்களைப் புரிந்துகொள்ளவே முடியாது.

இவற்றைச் சீர்செய்தால் என்ன என்று ஒரு பயணிக்குத் தோன்றலாம். இன்றைக்கு நல்ல சிற்பிகள் இருக்கிறார்கள், ஒரு தேவதூதருக்கு முகம் வைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அப்படி வைக்கிற முகம் யாருடையதாக இருக்கும்? 15-ஆம் நூற்றாண்டுச் சிற்பி நினைத்தது யாருக்கும் தெரியாது. இன்றைய சிற்பியின் கற்பனை அங்கே உட்காரும், 1652 மறைந்துபோகும். உடைந்த இடமும் அந்தக் கட்டடத்தின் ஒரு பக்கம்தான். ஒழுகுகிற கூரையை மாற்றுவது பராமரிப்பு, உடைந்த முகத்தை மாற்றுவது திருத்தி எழுதுவது. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை அடிக்கடி மறந்துபோகிறார்கள்.

1689-ல், இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில், மறுபடியும் கத்தோலிக்கர் கைக்கு வந்தது. இரண்டே வருடம். 1691-ல் கால்வே வில்லியம் மன்னரின் படையிடம் சரணடைந்தபின் ஆங்கிலிக்கர்களிடம் போனது, இன்றுவரை அவர்களிடமே இருக்கிறது.

வெளியே நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் மிக விசித்திரமான பகுதி. வழிகாட்டிப் புத்தகங்களில் இதற்கு இடமே இருப்பதில்லை. கத்தோலிக்கர்கள் தங்கள் வார்டனைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்கள்! தேவாலயம் இல்லை, சொத்து இல்லை, சட்டம் எதிராக இருக்கிறது. ஆனாலும் 1484-ல் கிடைத்த உரிமையை விடாமல், அந்தப் பழைய குடும்பங்கள் ஓட்டுப் போட்டு வார்டனை நியமித்தன. ஆக, அந்த ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு வார்டன்கள். ஒருவரிடம் கட்டடம் இருந்தது, இன்னொருவரிடம் ஜனங்கள் இருந்தார்கள். கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை கிடைத்த 1829-க்குப் பிறகு, 1831-ல்தான் அந்தப் பதவியை ஒழித்து கால்வேக்கு என்று தனி மறைமாவட்டம் உண்டாக்கினார்கள். 'கோயில் இல்லாத கோயில் நிர்வாகம்' ஒன்று நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது. கொலம்பஸ் மண்டியிட்டாரா இல்லையா என்பதைவிட இது எவ்வளவு பெரிய செய்தி!

இதற்கிடையில் நாடெங்கும் கத்தோலிக்க விவசாயிகள் தாங்கள் காலடி வைக்காத தேவாலயங்களின் பராமரிப்புக்குத் தசமபாக வரி கட்டினார்கள். 1830களில் அதை எதிர்த்து இரத்தம் சிந்திய கிளர்ச்சியே நடந்தது. 1869-ல் இயற்றப்பட்டு 1871-ல் அமலுக்கு வந்த சட்டம்தான் ஆங்கிலிக்கன் சபைக்கு இருந்த அரசு மத அந்தஸ்தை நீக்கியது. ஆனால் பயன்பாட்டில் இருந்த தேவாலயங்கள் அந்தச் சபையிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: 1922-ல் நாடு சுதந்திரம் பெற்றது, ஆட்சி கத்தோலிக்கப் பெரும்பான்மையின் கையில் வந்தது. முன்னோர் கட்டிய தேவாலயத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாமே? ஆங்கிலிக்கர்கள் இன்று குடியரசில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. நூற்றுக்கு மூன்று பேரிடம் நாட்டின் மிகச் சிறந்த இடைக்காலத் தேவாலயங்கள் இருப்பது சரியா? டப்ளினில்கூட இடைக்காலப் பேராலயங்கள் இரண்டும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. கணக்குப் போட்டால் கேட்கிறவர் பக்கம்தான் நியாயம் கனக்கும். ஆனால் எந்த வருடத்துக் கணக்கு? 1652-க்கு முன்னால் போனால் கட்டடம் பதினான்கு குடும்பங்களுக்குச் சேரும். 1518-க்குப் போய் அவர்களிடம் கேட்டால், இன்றைய ஐரிஷ்காரர்களில் பாதிப்பேரைப் பெயரைக் கேட்டே வாசலில் நிறுத்துவார்கள். எந்த வருடத்தில் கோட்டைக் கிழித்தாலும் யாரோ ஒருவர் வெளியே நிற்பார். வழிபாட்டு இடங்களுக்காக வரலாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் எல்லோரும் தங்களுக்கு வசதியான ஒரு வருடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள், அதற்கு முந்தைய வருடத்தைப் பார்ப்பதே இல்லை.

கால்வேயின் கத்தோலிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் புதிதாக ஒரு பேராலயம் கட்டினார்கள். 1965-ல் திறந்தார்கள். பச்சைக் குவிமாடத்தோடு ஆற்றங்கரையில் பிரம்மாண்டமாக நிற்கிறது. கலை ரசிகர்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை, எல்லாப் பாணியையும் கலந்த கதம்பம் என்பார்கள். இருக்கட்டும். அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: விண்ணேற்பு மாதா, புனித நிக்கோலஸ் பேராலயம். கட்டடத்தை விட்டுவிட்டார்கள், நிக்கோலஸை விடவில்லை. சில நிமிட நடைத் தூரத்தில் ஒரே புனிதருக்கு இரண்டு கோயில்கள்.

இதை முழுக்கப் பெருந்தன்மை என்று சொல்லிவிடவும் முடியாது. சட்டம் அப்படி இருந்தது, பழகிப்போயிருந்தது. சொந்தமாகப் பெரிதாகக் கட்டிக்காட்ட வேண்டும் என்ற வீம்பும் இருந்திருக்கும். மனிதர்கள் நல்லது செய்வதற்கு எப்போதும் நல்ல காரணம்தான் வேண்டும் என்றில்லையே.

2005 கோடையில் பக்கத்திலிருந்த புனித அகஸ்டின் கத்தோலிக்கத் தேவாலயத்தில் சீரமைப்பு வேலை நடந்தது. அந்தச் சபையார் எங்கே போய் வழிபடுவது? நிக்கோலஸ் தேவாலயம் கதவைத் திறந்துவிட்டது. முகமில்லாத தேவதூதர்கள் இருக்கிற அதே கட்டடத்தில் கத்தோலிக்கத் திருப்பலி நடந்தது. ருமேனிய, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் அங்கே வழிபாடு நடத்தியிருக்கின்றன. வார்டனுக்காக ஓட்டுப் போட்ட அந்தப் பழைய குடும்பத்தார் யாராவது எழுந்து வந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! ஒரு வேளை ரஷ்யர்களைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள்.

ஆகவே அங்கே போகிறவர்கள் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஆடம் பூரின் கல். பிறகு, கத்தோலிக்கக் காலத்திலிருந்து அப்படியே நிற்கிற புனித நீர்க் கல்தொட்டி. தனித் தூண் மாதிரி நிற்கும், அயர்லாந்தில் அபூர்வமான அமைப்பு. அதற்கப்புறம் தெற்குப் பக்கத்துக்குப் போய், லிஞ்ச் கல்லறை முன்னால் குறைந்தது கால் மணி நேரம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது உளியின் தடமும் சுத்தியலின் தடமும் தனித்தனியாகத் தெரியும். மண்டையோட்டுச் சுவர் எங்கேயும் போய்விடாது. வெளியே வந்தால் இரண்டு எட்டு. சனிக்கிழமையாக இருந்தால் டோனட் கடையும் அங்கேதான் இருக்கும்.